பழைய பூசை உடுப்பைப் படிப்பது எப்படி: கத்தோலிக்கத் திருவுடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பூசை உடுப்பு ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "இது எத்தனை வருஷத்துப் பழசு?" என்பதுதான். அதற்கு ஒற்றைப் பதில் அநேகமாகக் கிடைக்காது. துணிக்கு ஒரு வயது, வெட்டுக்கு ஒரு வயது, பூவேலைக்கு ஒரு வயது, உள்ளே இருக்கும் லைனிங்குக்கு இன்னொரு வயது. 1740களில் ஒரு சீமாட்டியின் கவுனுக்காக நெய்த பட்டு, அவர் காலத்துக்குப் பிறகு கோவிலுக்குக் காணிக்கையாக வந்து உடுப்பாகியிருக்கும். நூறு வருடம் கழித்து யாரோ கன்னியர் அதைப் பிரித்து, அகலம் குறைத்து, புது லைனிங் போட்டுத் தைத்திருப்பார்கள். பட்டும் தங்க நூலும் அவ்வளவு விலை உயர்ந்தவை என்பதால் யாரும் எளிதில் தூக்கி எறியவில்லை.

ஆகவே பழைய உடுப்பைப் பார்ப்பவர் அதன் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே பார்க்கப் பழக வேண்டும். பங்குக் கோவிலின் சக்ரீஸ்துவை, அதாவது உடுப்பும் பாத்திரமும் வைக்கும் அறையை, பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை, புதிதாக மாற்றலாகி வந்த பங்குத்தந்தை, வீட்டில் ஒரு குருவானவரின் உடுப்பைப் பாதுகாத்து வைத்திருக்கும் குடும்பம், இப்படி யாராக இருந்தாலும் இந்த வரிசையில் போனால் பொருளும் கெடாது, அதன் வரலாறும் தப்பாது.

படி 1: முதலில் எதையும் சுத்தம் செய்யாதீர்கள்

இதை முதலில் சொல்லக் காரணம், பழைய உடுப்புகளுக்கு நேரும் பெரிய சேதம் பூச்சியால் வருவதைவிட நல்லெண்ணத்தால்தான் அதிகம் வருகிறது. தண்ணீர் பட்டால் பழைய சாயம் கரையும். உள்ளே வைத்த கஞ்சித்துணியும் அட்டையும் ஊறி உப்பும். பட்டு ஒரு அளவில் சுருங்கும், லைனிங் வேறொரு அளவில் சுருங்கும், இரண்டும் சேர்ந்து தையலை இழுத்துக் கிழிக்கும். டிரை கிளீனிங்கும் வேண்டாம். தங்க நூலைப் புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதனாலும் தேய்க்கக் கூடாது. அதில் இருப்பது வெள்ளியின் மேல் ஏறிய மெல்லிய தங்கப் பூச்சு மட்டுமே. ஒரு தேய்ப்பில் போய்விடும்.

கை கழுவி நன்றாக உலர்த்துங்கள். மோதிரம், கைக்கடிகாரம், ஜெபமாலை வளையம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், ஜரிகையில் சிக்கும். துவைத்த வெள்ளைத் துணி விரித்த பெரிய மேசையில் உடுப்பைக் கிடத்துங்கள். தோளைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் ஒரு துணியை நுழைத்து, அந்தத் துணியோடு சேர்த்துத் தூக்க வேண்டும். பிறகு முன்பக்கம், பின்பக்கம், லைனிங், கழுத்து ஓரம், கிழிசல் என எல்லாவற்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். உறையில் ஒட்டிய சீட்டு, உள்ளே குத்தியிருக்கும் காகிதத் துண்டு போன்றவற்றை எறியாதீர்கள்.

படி 2: இது எந்த உடுப்பு?

பூசை உடுப்பின் பெரும்பாலான பகுதிகள் பிற்கால ரோமைப் பேரரசில் சாதாரண மக்கள் உடுத்தியவையிலிருந்து வந்தவை. மக்களின் நாகரிகம் மாறியது, பீடத்தில் மட்டும் பழைய உடை நின்றுவிட்டது. உள்ளே போடும் வெள்ளை நீளங்கி ரோமரின் தூனிக்கா. எல்லாவற்றுக்கும் மேலே குரு அணியும் கசூலா, ஆங்கில வழக்கில் சாசபிள், ரோமர்கள் பயணத்திலும் மழையிலும் போட்ட பேனுலா என்ற போர்வையின் வழி வந்தது. குருவுக்கு அடுத்த நிலையில் பூசையில் உதவும் தியாக்கோன் அணியும் கை வைத்த டால்மாட்டிக் இன்றைய குரோவேஷியக் கரையோரமான டால்மாசியா பகுதியின் உடையாக ரோமுக்கு வந்தது. கழுத்தில் தொங்கும் ஸ்டோல் எல்லாருக்கும் தெரியும்.

இன்றைய தலைமுறைக்குத் தெரியாத துண்டு மானிப்பிள். குரு இடது முன்கையில் தொங்கவிட்ட சிறு பட்டை அது, ஒரு காலத்தில் கைக்குட்டையாக இருந்தது. 1967 மே மாதம் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தலுக்குப் பிறகு அதை அணியும் கட்டாயம் நீங்கியது. பெட்டியில் ஒரு மீட்டருக்குக் குறைவான, ஸ்டோல் மாதிரியே ஆனால் குட்டையான பட்டை கிடந்தால் அது மானிப்பிள்தான். அரைவட்டமாக விரிந்து மார்பில் கொக்கியால் மாட்டும் போர்வை காப்பா. பவனிக்கும் நற்கருணை ஆசீருக்கும் உரியது.

ஒரு சாதாரணப் பூசைக்கான செட்டில் ஐந்து துண்டுகள் இருக்கும்: கசூலா, ஸ்டோல், மானிப்பிள், இரசக் கிண்ணத்தை மூடும் சதுரத் துணி, திருமேனித் துகிலை வைக்கும் தட்டையான உறை. பாடற்பூசைக்கான பெரிய செட்டில் டால்மாட்டிக்கும், உபதியாக்கோனுக்கான டூனிக்கிளும், கூடுதல் ஸ்டோல், மானிப்பிள்களும், பெரும்பாலும் ஒரு காப்பாவும் சேரும். எல்லாத் துண்டும் ஒரே துணியில் கிடைத்தால் அதைப் பிரிக்கவே கூடாது. தனித்தனியாகக் கிடப்பவற்றில் எது எதோடு சேர்ந்தது என்று லைனிங்கையும் ஓரப்பட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மானிப்பிளும் டூனிக்கிளும் பயன் இழந்ததால் 1970களில் பல கோவில்கள் அவற்றை எறிந்துவிட்டன. முழு செட்டு அரிதாகிப் போனதற்கு இதுதான் காரணம்.

படி 3: வெட்டைப் பாருங்கள்

கசூலாவின் வடிவம்தான் வரலாற்றை உரக்கச் சொல்லும் பகுதி. ஆயிரம் ஆண்டுக்கு முன் அது கூம்பு வடிவம், தலை நுழைய ஒரு துளை, சுற்றிலும் தரை நோக்கி விழும் துணி. கையை உயர்த்த வேண்டுமானால் இரு பக்கமும் துணியைச் சுருட்டி முன்கையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஹங்கேரியின் முடிசூட்டு மேலாடை இப்படிப்பட்ட ஒரு கசூலாவாகத்தான் பிறந்தது. ஸ்டீபன் மன்னரும் அரசி கிசெலாவும் 1031இல் ஒரு கோவிலுக்குக் கொடுத்த அந்த உடுப்பை முன்பக்கம் வெட்டித் திறந்து பின்னாளில் அரச மேலாடையாக்கினார்கள். இன்று அது புடாபெஸ்டில் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில், பூசையின் நடுவே வரும் எழுந்தேற்றத்தின்போது அப்பத்தை எல்லாரும் காண உயர்த்திக் காட்டும் வழக்கம் பரவியது. மெல்லிய துணிக்குப் பதில் கனத்த வெல்வெட்டும் தங்கப் பூவேலையும் வந்தன. இந்தப் பாரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு அப்பத்தை உயர்த்த முடியாது. ஆகவே பக்கவாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ குறைந்தபட்ச அகலம் விதித்து இதைத் தடுக்கப் பார்த்தார். அது பெரிதாக எடுபடவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கசூலா ஒரு விறைப்பான முன்பலகை, ஒரு விறைப்பான பின்பலகை என்று ஆகிவிட்டது. முன்பக்கம் கை அசைய வளைத்து வெட்டப்பட்டு வயலின் போலத் தெரியும். பின்பக்கம் ஏறத்தாழ 70 செ.மீ. அகலம்.

மேசையில் கிடக்கும் உடுப்பு இந்த வயலின் வடிவம் என்றால், பின்பக்கத்தை மேலே திருப்புங்கள். அந்தக் காலத்தில் குரு பீடத்தை நோக்கி நின்றதால் மக்கள் கண்டது முதுகைத்தான். முக்கியமான அலங்காரமும் அங்கேதான் இருக்கும். பொதுவாக:

- பின்னால் பெரிய சிலுவை, முன்னால் ஒற்றைச் செங்குத்துப் பட்டை என்றால் பிரெஞ்சு வழி. ஜெர்மானிய நாடுகளிலும் பின்னால் சிலுவை வரும்.
- பின்னால் ஒற்றைப் பட்டை, முன்னால் 'ட' எழுத்தைப் போலன்றி ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற சிலுவை என்றால் இத்தாலிய அல்லது ரோமை வழி.
- இரு பக்கமும் பட்டை மட்டும், கீழே போகப் போக அகன்று பேரிக்காய் வடிவம் என்றால் ஸ்பானிய வழி.

இவை கட்டாய விதிகளல்ல, தொடக்கம் மட்டுமே. ஆனால் நம் பக்கத்துக் கோவில்களில் இது நன்றாகவே உதவும். 1776 முதல் பாரிஸ் வேதபோதக சபையினர் புதுச்சேரியை மையமாக வைத்துப் பணி செய்தார்கள். 1838 முதல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மறைபரப்பை மீண்டும் நடத்தினார்கள். 1847இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி செய்த அமலமரித் தியாகிகளும் பிரான்சில் தோன்றிய சபையினரே. இந்தப் பகுதிகளில் கிடைக்கும் 19ஆம் நூற்றாண்டு உடுப்பில் பின்சிலுவை இருந்தால் முதலில் பிரான்சை நினைப்பது நியாயம். திருச்சபை விவகாரங்களில் போர்த்துகல் அரசுக்கு இருந்த உரிமையின் கீழ் வந்த மயிலாப்பூர், கொச்சி வட்டாரங்களில் ஐபீரிய வெட்டையும், அதாவது ஸ்பெயின், போர்த்துகல் பக்கத்து வெட்டையும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அகலமாக, மடிப்பு மடிப்பாக விழும் வடிவம் என்றால் அது மிகப் பழசு என்று அவசரப்படாதீர்கள். 1840களில் இங்கிலாந்தில் கட்டடக் கலைஞர் பியூஜின் இடைக்கால வடிவத்தை மீண்டும் கொண்டுவந்தார். ரோமை அதை விரும்பவில்லை. 1863இல் எச்சரித்தது, 1925இல் மறுபடி தடுத்தது, 1957இல்தான் அந்தந்த ஆயரின் முடிவுக்கு விட்டது. ஆகவே அகன்ற கோதிக் கசூலா பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. சாதாரணப் பங்குகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 1950களுக்கும் பிந்தியவையாகவே இருக்கும்.

படி 4: துணி எங்கிருந்து வந்தது?

எனக்கு இந்தப் படிதான் மிகவும் பிடிக்கும். இங்கேதான் உடுப்பு தன் முன்பிறவியைக் காட்டும்.

19ஆம் நூற்றாண்டுக்கு முன், கோவிலுக்கென்றே நெய்த பட்டு குறைவு. அரசவையில் எந்தப் பட்டோ அதுவே பீடத்திலும். இத்தாலியில் பேர்மோ நகரப் பேராலயத்தில் புனித தாமஸ் பெக்கட்டினுடையது என்று மரபு சொல்லும் ஒரு கசூலா இருக்கிறது. நீலப்பட்டில் தங்க நூலால் பறவைகளும் விலங்குகளும், கூடவே அரபு எழுத்துகளும். முஸ்லிம்கள் ஆண்ட தெற்கு ஸ்பெயினின் பட்டறையில் பிறந்த துணி அது. அரபு வாசகம் இருந்ததற்காக யாரும் அதை ஒதுக்கவில்லை. அழகானதும் அரியதும் இறைவனுக்கே என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது.

லைனிங்கின் ஓரம் பிரிந்திருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள், புதிதாகப் பிரிக்க வேண்டாம். இவற்றைத் தேடுங்கள்:

காரணமில்லாத ஊசித்துளை வரிசைகள். கவுனின் மடிப்புக் கொசுவம் இருந்த தடம். ஒரு பூ நேராகவும் பக்கத்துத் துண்டில் தலைகீழாகவும் நிற்பது. கண்ணுக்குப் படாத ஓரத்தில் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டு அகலம் சேர்த்திருப்பது. இவை எல்லாம் சேர்ந்திருந்தால் அந்தத் துணி வேறொன்றாக இருந்து உடுப்பானது. அப்புறம் தறியில் நெய்தபடியே இருக்கும் துணியின் ஓரமான கரை கிடைத்தால் பெரிய பாக்கியம். இரு கரையும் இருந்தால் தறி அகலத்தை அளக்கலாம். பிரான்சின் லியோன் நகரத்து 18ஆம் நூற்றாண்டுப் பட்டுகள் ஏறத்தாழ 54 செ.மீ. அகலம் கொண்டவை.

வடிவமைப்பும் காலத்தைச் சொல்லும். 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய வெல்வெட்டில் பெரிய மாதுளை வடிவம் ஆட்சி செய்தது. 1695 முதல் 1720 வரை எந்தச் செடியிலும் பொருந்தாத விசித்திர வடிவங்கள், சரிந்து ஓடும் கோணல் கோடுகள். 1720களில் லேஸ் பின்னலைப் பார்த்து நெய்தது போன்ற ஒழுங்கான வடிவம். 1730களில் லியோனில் ழான் ரெவெல் நிழலும் ஒளியும் கலந்து கிடக்கும் பெரிய பூக்களையும் கனிகளையும் நெய்ய வழி கண்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் நெளிந்து ஏறும் பூச்சரங்கள். 1770களுக்குப் பிறகு நேர்கோடுகளும் சின்னப் பூக்களும். பெரிய இடத்துப் பெண்களுடைய உடையின் ஃபாஷன் இவ்வளவு வேகமாக மாறியதால்தான் அந்தப் பட்டுகள் கோவிலுக்கு வந்தன.

1804இல் ஜக்கார்டு வந்தது. தறியில் ஆளில்லாமல் வடிவத்தை இழுக்கும் அட்டைகள், நம் காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் இன்றும் அறிந்தவை. அதன் பிறகு கோவிலுக்கென்றே நெய்வது கட்டுப்படியானது. பாவும் ஊடையுமாக நெய்த துணியிலேயே சிலுவை, கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, இயேசுவின் திருப்பெயர் எழுத்துகள் வந்திருந்தால் அது பெரும்பாலும் 19 அல்லது 20ஆம் நூற்றாண்டுத் துணி.

ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பட்டை எடைக்கு விற்ற வணிகர்கள், வெள்ளீய உப்புகளில் ஊறவைத்து அதன் கனத்தைக் கூட்டினார்கள். அந்தப் பட்டு கையில் கனமாக, உயர்வாகத் தோன்றும். ஆனால் நூறு ஆண்டில் தானாகவே நேர்கோட்டில் வெடித்துத் தூளாகிறது. 1700இல் நெய்த பட்டு உறுதியாக இருக்க, 1900இல் நெய்தது உதிர்வதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். இப்படி வெடிக்கும் துணியை மடிக்காதீர்கள், யாரும் அணியவும் கூடாது. தைத்தாலும் ஊசி போன இடத்தில் மீண்டும் வெடிக்கும்.

செயற்கைப் பட்டான ரேயான் 1890களில் பிரான்சில் சந்தைக்கு வந்து, 1920களுக்குப் பிறகு உடுப்புகளில் பெருகியது. கண்ணாடி போல் பளபளக்கும், பட்டின் அடங்கிய ஒளி இருக்காது.

படி 5: தங்க நூலும் பூவேலையும்

காஞ்சிபுரம் சேலையில் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த சோதனை. ஐரோப்பியப் பூசை உடுப்பிலும் தங்க நூல் என்பது பட்டு நூலைச் சுற்றிய, தங்கப் பூச்சுள்ள வெள்ளித் தகடுதான். ஆனால் அங்கே உள்நூல் பெரும்பாலும் மஞ்சள். வெள்ளி நூலுக்கு வெள்ளை. இதற்காக எதையும் சுரண்ட வேண்டாம். ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தாலே தெரியும். உள்ளே பருத்தி நூல், மேலே பச்சை பூத்த செம்பு என்றால் அது மலிவு விலைக்குச் செய்த 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்திய வேலை. தட்டையான தங்கக் காகிதம் சுற்றிய நூலும், பியோனிப் பூவும், பீனிக்ஸ் பறவையும் சேர்ந்து வந்தால் சீனத் தையல். மக்காவ் வழியாகப் போர்த்துகீசியர் வரவழைத்த அத்தகைய வேலைகள் கோவா வரை வந்தன. பழைய கோவாவில் புனித மோனிக்கா மடத்தில் இயங்கும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தில் பூசை உடுப்புகளை நேரில் காணலாம். தமிழ்நாட்டிலிருந்து போய்வர எட்டும் தூரம், ஆர்வமுள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பூவேலையின் உச்சம் இடைக்கால இங்கிலாந்து. அதற்கும் முன்பே அங்கே கை தேர்ந்தவர்கள் இருந்தார்கள். அரசி ஏல்ஃப்லேட் 909க்கும் 916க்கும் இடையில் வின்செஸ்டர் ஆயர் ஃபிரிதெஸ்டனுக்காகச் செய்வித்த ஸ்டோலும் மானிப்பிளும், டரமில் புனித கத்பெர்ட்டின் கல்லறையை 1827இல் திறந்தபோது கிடைத்தன. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய தங்க நூல் வேலை, இன்றும் இருக்கிறது.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பூவேலை ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றது. 1246இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட், ஆங்கிலேயக் குருக்களின் உடுப்பில் தங்க வேலையைக் கண்டு வியந்து, எங்கே செய்தது என்று கேட்டு, தமக்கும் அனுப்பும்படி இங்கிலாந்தின் சிஸ்டேர்சியன் மடாதிபதிகளுக்கு எழுதினார் என்று மாத்யூ பாரிஸ் என்ற துறவி குறித்து வைத்தார். அந்த வேலையின் நுட்பம் இது: தங்க நூலைத் துணியின் மேல் கிடத்தி, பின்னாலிருந்து வரும் லினன் நூலால் அதை ஒரு சின்ன வளையமாகத் துணியின் பின்பக்கத்துக்கு இழுத்துவிடுவார்கள். மேலே தையலே தெரியாது. ஒவ்வொரு வளையமும் ஒரு கீல் ஆகி, தங்கத் தகடு போல் மின்னும் பரப்பு துணியாகவே மடிந்து விழும். முகங்களைப் பட்டு நூலைப் பிளந்து குத்தும் தையலில், கன்னத்தில் சுருள் சுருளாகச் சுற்றித் தைப்பார்கள். பழைய பூவேலையின் பின்பக்கத்தைப் பார்க்க வாய்த்தால், இந்த லினன் வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இந்த உடுப்புகள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்த சையோன் காப்பா, சையோன் மடத்துக் கன்னியரோடு நாடுகடந்து லிஸ்பன் வரை போய், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பியது. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். அங்கேயே இருக்கும் பட்லர் போடன் காப்பாவை ஒரு காலத்தில் வெட்டி, கசூலா, ஸ்டோல், மானிப்பிள், பீட முகத்துணி என்று ஆக்கிவிட்டார்கள். பிறகு துண்டுகளைத் தேடிச் சேர்த்து மீண்டும் காப்பாவாக்கினார்கள். இத்தாலியில் அஸ்கோலி பிச்சேனோ பேராலயத்துக்குத் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் 1288இல் கொடுத்த காப்பா 1902இல் திருடு போனது. அதை அறியாமல் வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஜே. பி. மோர்கன், திருட்டுப் பொருள் என்று தெரிந்ததும் இத்தாலிக்கே திருப்பிக் கொடுத்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது எத்தனையோ உடுப்புகள் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தெடுக்க எரிக்கப்பட்டன. தப்பி நம் கைக்கு வந்த ஒவ்வொன்றும் இத்தனையையும் கடந்து வந்தது.

15ஆம் நூற்றாண்டில் பர்கண்டி, பிளாண்டர்ஸ் பக்கம் வேறொரு நுட்பம் வளர்ந்தது. தங்க நூலைப் பரப்பெல்லாம் கிடையாகக் கிடத்தி, அதன் மேல் வண்ணப் பட்டு நூலை நெருக்கமாகவும் இடைவெளி விட்டும் தைத்து நிழலும் ஒளியும் காட்டுவார்கள். நெருக்கமாக இருந்தால் நிறம், விலகினால் தங்கம் ஒளிரும். வியன்னாவின் பேரரசுக் கருவூலத்தில் இருக்கும் பொற்கம்பளி வீரர் குழு என்ற பர்கண்டிப் பிரபுக்கள் சங்கத்தின் திருவுடைகள் இதற்கு உச்ச சான்று.

சாதாரணமாக நாம் காணக்கூடியது வேறு. 15, 16ஆம் நூற்றாண்டுப் பட்டைகளில் மாடத்துக்குள் நிற்கும் புனிதர்களின் உருவங்கள் இருக்கும். அடித்துணி நைந்துபோனதும் அந்த உருவங்களை மட்டும் வெட்டியெடுத்துப் புதுப்பட்டில் ஒட்டித் தைப்பது வழக்கம். உருவத்தைச் சுற்றி ஓடும் கயிறு, வெட்டிய ஓரத்தை மறைக்கவே வந்தது. பாதம் பாதியில் நிற்பதோ, ஒளிவட்டம் துண்டிக்கப்பட்டதோ தெரிந்தால் உருவம் வேறு, துணி வேறு என்று குறித்துக்கொள்ளுங்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அடியில் அட்டையோ பருத்தியோ வைத்துப் புடைப்பாகத் தங்க நூல் தைத்தார்கள்.

இயந்திர வேலையை அறிய, சங்கிலித்தையலைப் பாருங்கள். நம் ஆரி வேலை போலவே தோன்றும். ஆனால் கையால் செய்ததில் கண்ணிகளின் நீளம் மெல்ல மாறும். 1860களின் கடைசியிலிருந்து பாரிஸில் புழங்கிய இயந்திரத்தில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு, வளைவிலும் அளவு மாறாது.

வெள்ளை நீளங்கியின் அடியிலுள்ள லேஸையும் மறக்க வேண்டாம். குமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரி லூயி தெ மேஸ்டரின் கன்னியர் சபை அங்கே பெண்களுக்கு லேஸும் பூவேலையும் கற்றுக்கொடுத்தது. ஆகவே தென்மாவட்டங்களில் கிடைக்கும் நல்ல லேஸ் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 6: நிறம்

பீடத்து நிறங்களுக்கு நீண்ட காலம் ஒரே விதி இருக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னாளில் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஆன லொத்தேரியோ, ரோமையில் வழங்கிய வெள்ளை, சிவப்பு, பச்சை, கறுப்பு என்ற முறையை எழுதி வைத்தார், ஊதாவைக் கறுப்பின் இனமாகச் சேர்த்தார். 1570இல் ஐந்தாம் பத்திநாதரின் பூசைப் புத்தகம்தான் இந்த ஐந்து நிறங்களைப் பரவலாக நிலைநிறுத்தியது. ரோஸ் நிறம் திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் மட்டும். ஆகவே ரோஸ் உடுப்பு எங்குமே குறைவு, தேய்மானமும் குறைவு. கறுப்பில் வெள்ளி ஓரம் போட்ட உடுப்பு இறந்தோர் பூசைக்கு உரியது. இன்றைக்குப் பெரும்பாலும் ஊதாவே அணிவதால், கறுப்பு செட்டு பெரும்பாலும் 1970க்கு முந்தியதாக இருக்கும். நீல நிறம் ஸ்பெயினுக்கு அமல உற்பவத் திருநாளுக்காக 19ஆம் நூற்றாண்டில் தந்த சிறப்பு உரிமை.

ஊதாவைச் சூரிய வெளிச்சத்தில் பாருங்கள். 1856இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார், அதுவும் ஊதாதான். கண்ணைப் பறிக்கும் ஊதா, அதுவும் வெளியே வெளுத்து மடிப்புக்குள் மட்டும் பளீரென்று இருந்தால் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். எப்போதும் மடிப்பின் உட்புறத்தில், மானிப்பிளின் அடியில் பாருங்கள், உண்மையான நிறம் அங்கே ஒளிந்திருக்கும்.

படி 7: பெயரும் சின்னமும்

ஆயரின் மரபுச் சின்னம், கொடையாளி குடும்பத்தின் கேடயம், சபையின் முத்திரை, லைனிங்கில் தைத்த கடைச் சீட்டு, மையால் எழுதிய எண் ஆகியவற்றைப் படம் எடுத்துக் கோவிலின் பழைய கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சின்னம் பின்னால் சேர்க்கப்பட்டதாகவும் இருக்கலாம், அதைத் தைத்த நூலைப் பாருங்கள்.

படி 8: பாதுகாப்பது

ஐரோப்பியப் பேராலயங்களில் காப்பாவுக்கென்றே அரைவட்டப் பெட்டிகள் செய்தார்கள். யார்க், வெல்ஸ், சால்ஸ்பரி ஆகிய இடங்களில் இன்றும் இருக்கின்றன. மடிக்காமல் வைப்பதே அதன் நோக்கம். நமக்கும் அதே விதி. ஆழம் குறைந்த அகலமான இழுப்பறையில், ஒன்றின் மேல் ஒன்றாக நான்கைந்து அடுக்காமல், கிடத்தி வையுங்கள். கம்பியில் தொங்கவிட்டால் பூவேலையின் கனம் தோள்தையலைக் கிழிக்கும். மடித்தே ஆக வேண்டுமானால் அமிலமில்லாத டிஷ்யூ தாளை உருளையாகச் சுருட்டி மடிப்புக்குள் வையுங்கள். அது கிடைக்காவிட்டால் கஞ்சி போகத் துவைத்த காடாத்துணி போதும். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுங்கள்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் எளிதில் 70 சதவிகிதத்தைத் தாண்டும். 65க்கு மேல் நின்றாலே பூஞ்சை பிடிக்கும். 50 முதல் 55 நல்லது. ஒரு சின்ன ஈரப்பத மானி அதிக விலையில்லை. அதை அலமாரிக்குள் வைத்துக் கவனியுங்கள். உலர்ந்த நாளில் அறையைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள், உடுப்பை மட்டும் வெயிலில் காட்டாதீர்கள். காட்சிக்கு வைப்பதானால் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் இருக்கட்டும், அதுவும் சில மாதம்தான்.

அந்துருண்டை துணியில் படக் கூடாது. வசம்பும் வேப்பிலையும் கறை விடும், நேரே வைக்காதீர்கள். அந்துப்பூச்சியும் இராமபாணமும் வராமல் தடுப்பது அடிக்கடி பார்ப்பதுதான். பூச்சி பிடித்துவிட்டால் உடுப்பைத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத பாலித்தீனில் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைப்பது ஒரு வழி. வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுக்க உறையைத் திறக்கக் கூடாது. கண்ணாடி மணி, வண்ணப்படம், உதிரும் பட்டு இருந்தால் இதைச் செய்யாமல் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரைக் கேளுங்கள்.

தூசிக்கு: உடுப்பின் மேல் மெல்லிய நைலான் வலையை விரித்து, வேக்வம் கிளீனரை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, குழாயைத் துணியில் ஒட்டாமல் நகர்த்துங்கள். இதற்கு மேல் எந்தச் சுத்தமும் நம் கையால் வேண்டாம்.

பழைய கசூலாவைப் பூசைக்கு அணியலாமா என்று கேட்கிறார்கள். வயலின் வடிவத்துக்கு இன்றும் தடையில்லை. பட்டு உறுதியாக இருந்தால், ஆண்டுக்கு ஒரு திருநாளில், உள்ளே நீளங்கியும் கழுத்துத்துணியும் ஒழுங்காகப் போட்டு அணிவது அழகு. வியர்வைதான் அதன் பெரிய எதிரி, அதைத் தாங்கத்தான் கழுத்துத்துணி வந்தது. பட்டு வெடிக்கிறது என்றால் வேண்டாம்.

படி 9: யாருடையது, யாருக்குக் கொடுக்கலாம்

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1171ஆம் விதி, ஆசீர்வதிக்கப்பட்ட பொருள்களைத் தனியார் வைத்திருந்தாலும் மரியாதையோடு நடத்த வேண்டும், வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கலையாலோ வரலாற்றாலோ மதிப்பு மிக்க கோவில் பொருளை விற்கவோ கைமாற்றவோ திருப்பீடத்தின் அனுமதி தேவை என்று 1292ஆம் விதி சொல்கிறது. ஆகவே பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவர்களோ தாங்களாகவே வியாபாரிக்குக் கொடுக்க முடியாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இருக்கிறது. நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும்.

வாங்குபவராக இருந்தால், எந்தக் கோவிலிலிருந்து, யார் அனுமதியோடு, எப்போது வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். கிழிந்து தூளாகிப் போனதை எரித்துச் சாம்பலைப் புனித மண்ணில் புதைப்பது மரபு. அந்த முடிவுக்கு முன் ஒருமுறை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தைக் கேட்டுவிடுங்கள். தூள் என்று நினைப்பதில் ஒரு உள்ளங்கை அளவுப் பட்டு 1730களினுடையதாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு அட்டை எழுதுங்கள். உடுப்பின் பெயர், நீள அகலம், துணி, வெட்டு, பூவேலை, லைனிங் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நீங்கள் கணித்த காலம், அந்தக் கணிப்புக்குக் காரணம், சேதத்தின் இடம், படங்களின் எண், எழுதிய தேதி. பென்சிலால் எழுதுங்கள், மை பரவும். ஒரு பிரதி இழுப்பறையில், ஒரு பிரதி பங்கு அலுவலகத்தில், ஒன்று மறைமாவட்டத்துக்கு.